செத்துப்போன போர்டின் ஆவி

மனிதன் செத்தால் ஆவி உண்டா இல்லையா என்பது இன்னும் தீராத வழக்கு. கம்ப்யூட்டர் செத்தால் ஆவி உண்டு என்பதோ அந்தக் கடைத்தெருவில் தீர்ந்துபோன வழக்கு. தீர்ப்பு வழங்கியவர் கம்ப்யூட்டருக்கு ஆவி ஓட்டும் சாமியார் மின்னடியார். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்திருக்கலாம். கடைத்தெருக் கோடியில், ஒரு காலத்தில் உடற்பயிற்சிக் கூடமாக இருந்த மாடி. வரிசை அந்த மாடிக் கதவில் தொடங்கி, படிக்கட்டு முழுக்க இறங்கி, தெருவில் வளைந்து, மருந்துக் கடை வாசலில் முடியும். நிற்பவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் போலவே நின்றார்கள். ஓர் அம்மாள் பெட்டிக்குப் போர்வையே போர்த்தியிருந்தாள். "இதோ, இப்ப ஐயா பாத்துருவாரு, சரியாயிடும்" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். வரிசையில் வங்கி மேலாளர் இருந்தார், கல்லூரிப் பேராசிரியர் இருந்தார், வக்கீல் இரண்டு பேர் இருந்தார்கள். படிப்பு ஏற ஏறப் பெட்டியின் அளவும் ஏறியிருந்தது. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

மின்னடியாரின் தத்துவம் எளிமையானது. அதை அவர் வாரா வாரம் ஒலிபெருக்கியில் விளக்குவார்.

"பழைய மதர்போர்டு செத்துப்போச்சு. நீ கழட்டிக் குப்பையில போட்டுட்டே. சரி, அதோட ஆவி எங்க போகும்? இத்தனை வருஷம் குடியிருந்த வீடாச்சே! பெட்டிக்குள்ளயேதான் சுத்திக்கிட்டிருக்கும். நீ புது போர்டைக் கொண்டாந்து மாட்டுறே. மூத்தவ உக்காந்திருக்கற வீட்டுக்குள்ள இளையவளைக் கூட்டிட்டு வந்தா விட்டுருவாளா? அதான் புது போர்டு எழுந்திரிக்க மாட்டேங்குது!"

கூட்டம் தலையாட்டும். ரகசியமாக இரண்டு வீடு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தலையாட்டுவார்கள்.

அந்த வரிசையின் நடுவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான் ஸ்டூடியோக்காரன். புகைப்படம் எடுப்பது தொழில். தெருவில் அவனுக்குப் பெயர் அவசரம். அவசரக்குடுக்கை என்று முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான் என்பதால் சுருக்கிவிட்டார்கள். லிப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கி அவன் நின்றதாகச் சரித்திரம் இல்லை. "சிரிங்க" என்று சொல்வதற்கு முன்பே கிளிக் பண்ணிவிடுவான். அதனால் அந்த வட்டாரத்துக் கல்யாணப் படங்களில் எவருமே சிரிப்பதில்லை. கல்யாணம் அப்படி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவனுடைய பழைய போர்டு எப்படிச் செத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவியை ஆராய்கிறவர்கள் மரணத்தை ஆராய்வதில்லை, பாருங்கள். மானிட்டரைப் பார்த்தபடியே டீயை மேசையில் வைத்தான். அவன் மேசை என்று நினைத்தது பெட்டியின் மேல்பக்கத்துக் காற்று ஓட்டை. கோப்பை சாய்ந்தது. டீ உள்ளே இறங்கியது. பட்டென்று ஒரு பொறி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான், ஆள் காலி.

அந்தத் தெருவில் போர்டு விற்கிற கடை ஒன்றுதான். மின்னடியார் மாடிக்கு நேர் கீழே இருந்தது. கடைக்காரன் சிரித்த முகம். புது போர்டையும் அதற்கேற்ற புது ரேமையும் பையில் போட்டுக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து புத்தி சொன்னான்.

"மாட்டி ஸ்விட்சைப் போடுங்க. ஒரு நிமிஷம் பாருங்க. படம் வரலைன்னா உடனே அணைச்சிடுங்க. விட்டுட்டீங்கன்னா எரிஞ்சு போயிடும், சொல்லிட்டேன்."

என்ன அக்கறை! பெற்ற தாய் கூட இப்படிச் சொல்லி அனுப்ப மாட்டாள்.

அவசரம் மாட்டினான். ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தது. ஒரு நிமிஷம் என்று சொன்னால் அவன் அரை நிமிஷத்திலேயே அணைத்துவிடுகிற ஆள். அணைத்தான். மறுபடி போட்டான். மறுபடி அணைத்தான். ரேமைக் கழற்றித் துடைத்து, கிளிக் என்று சத்தம் வருகிற வரை அழுத்தினான். பிராசசருக்குப் போகிற தனி மின்கம்பியை உருவிச் செருகினான். போர்டுக்கு அடியில் திருகு ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். மானிட்டர் கம்பியை மாற்றிப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. போட்டான், அணைத்தான், போட்டான், அணைத்தான். கடைசியில் கடைக்குப் போய்க் கத்தினான்.

கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "போர்டு மேல தப்பில்லீங்க. இது வேற விஷயம்." சொல்லிவிட்டு விரலை மேலே காட்டினான். அவன் காட்டியது வானத்தை அல்ல, மாடியை.

வேறு யாராக இருந்தாலும் தொலைந்தது என்று விட்டிருப்பார்கள். அவசரத்தால் விட முடியவில்லை. காரணம், தச்சர்.

பக்கத்துத் தெருத் தச்சரின் அம்மா ஆயுசு முழுக்க ஒரு படம் எடுக்க விட்டதில்லை. "என் மூஞ்சியை எதுக்குடா பிடிச்சு வெக்கிறீங்க" என்று விரட்டிவிடுவாள். திடீரென்று ஒரு நாள் தானே ஸ்டூடியோவுக்கு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ம், எடு" என்றாள். அடுத்த வாரமே போய்விட்டாள். உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே படம் இப்போது அவசரத்தின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கேமராவுக்குள் இருந்ததை அவன் அன்றைக்கே அழித்துவிட்டான். அவசரம் அல்லவா!

தச்சர் நல்ல மரத்தில் சட்டம் செய்து இழைத்து வைத்துவிட்டார். தினமும் ஸ்டூடியோ பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். "சட்டம் தயாராயிருக்கு தம்பி. படம்தான் வரணும்" என்பார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் அவசரத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்கிறீர்கள். அவனும் கேட்டான். ஆவி டிஸ்க் வழியாகத் தொற்றும் என்று மின்னடியார் அருளியிருந்ததால் ஒருவரும் விடவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் இவன் டிஸ்க்கோடு வருவதைப் பார்த்ததும் ஷட்டரையே இறக்கிவிட்டார்.

ஆக, அவசரம் வரிசையில் நின்றான். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அவனுடைய அக்கா பின்னால் நின்றாள்.

அக்கா அதே தெருவில் பேக்கரி வைத்திருப்பவள். வாய் கொஞ்சம் நீளம். கண் அதைவிட நீளம். "இத்தனை பேருக்கும் ஒரே சமயத்துல புத்தி மழுங்குமாடா? தண்ணியில ஏதாவது கலந்திருப்பாங்களோ?" என்று வரிசையில் நின்றபடியே சத்தமாகக் கேட்டாள். பேராசிரியர் திரும்பி முறைத்தார்.

மாடிக்கூடத்தில் நான்கு சுவரிலும் பழைய உடற்பயிற்சிக் கண்ணாடிகள். அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏழெட்டு மின்னடியார்கள் தெரிந்தார்கள். டாக்டர் அணிகிற வெள்ளைக் கோட்டு. இரண்டு மணிக்கட்டிலும் செம்புக் கம்பிச் சுற்று. கழுத்தில் மின்சாரம் பார்க்கிற மீட்டர். அதன் இரண்டு முனையையும் கைக்குள் மறைத்து ஒன்றையொன்று தொடவைப்பார். 'பீப்' என்று கத்தும். "ஆவி பேசுது" என்பார். கூட்டம் மூச்சை அடக்கும்.

அவர் காலடியில் ஒரு பெரிய நீல வாளி. உப்புத் தண்ணீர். அதற்குள் ஹார்ட் டிஸ்க்குகள் மூழ்கிக் கிடந்தன. அடங்காத ஆவிகளுக்கு ஜலசமாதி. சமாதி ஆனதும் புது டிஸ்க் வாங்க வேண்டுமே? கவலையே வேண்டாம், கீழேதான் கடை.

கூட்டத்தை அடக்க ஒரு டீச்சர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மெஷினை ஐயா எழுப்பிக் கொடுத்த நாளிலிருந்து இங்கேயே சேவை. எழுப்புவதற்கு முன்னால் அவருடைய டிஸ்க்கும் வாளிக்குள் போயிருந்தது. மகள் பேசப் பழகிய நாளில் பதிந்த மழலைக் குரல் அதில் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

"ஐயா ஸ்விட்சைப் போட்டுட்டாரு! எல்லாரும் கையைக் கட்டுங்க! போற்றி முடியற வரைக்கும் யாரும் பெட்டி பக்கம் போகக்கூடாது, தொடக்கூடாது, அணைக்கக்கூடாது!" என்று டீச்சர் வகுப்பறைக் குரலில் அதட்டினார்.

மின்னடியார் கண்ணை மூடித் தொடங்கினார்.

"பயாஸே போற்றி! பஸ்ஸே போற்றி!
ரேமே போற்றி! ரோமே போற்றி!
சாக்கெட்டில் அமர்ந்த சிப்பே போற்றி!
சூட்டைத் தணிக்கும் ஃபேனே போற்றி!"

போற்றி போய்க்கொண்டே இருந்தது. யுஎஸ்பி துளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போற்றி. திருகுகளுக்குப் போற்றி. மூடிக்குக் கூடப் போற்றி. கால் கடுக்கிற நேரத்தில் திரையில் பளிச்சென்று படம் வந்தது. "ஆஹா!" என்று கூடமே அலறியது. காணிக்கைத் தட்டு நகர்ந்தது.

அக்கா ஐந்தாறு பெட்டிகளை இப்படிப் பார்த்தாள். ஒரு பெட்டிக்குப் போற்றி சீக்கிரம் முடிந்தது. ஒன்றுக்கு இழுத்துக்கொண்டே போனது. சொன்ன போற்றிகளையே சுற்றி வந்து மறுபடி சொன்னார். எங்கே படம் வந்ததோ, அந்த வரியில் போற்றி முடிந்தது. அரைக் கண் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லுகிற பக்தியை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவசரத்தின் முறை வந்தது. ஸ்டூடியோ என்றதும் மின்னடியாரின் முகம் மலர்ந்தது. ஸ்டூடியோ டிஸ்க் பெரிதாக இருக்கும். விலையும் பெரிதாக இருக்கும். ஸ்விட்சைக் கூடப் போடாமல் மீட்டரை வைத்தார். பீப்.

"முரட்டு ஆவி. போர்டுல இல்லை. டிஸ்க்குல ஒளிஞ்சிருக்கு. அடுத்த ஞாயிறு டிஸ்க்கைக் கொண்டா. ஜலசமாதிதான்."

"சாமி, அதுல ஒரு அம்மாவோட படம் இருக்குங்க. ஒரே படம்..."

"உயிரோட இருக்காங்களா?"

"இல்லீங்க."

"பாத்தியா!" மின்னடியார் தொடையைத் தட்டினார். "அந்த ஆத்மாவும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டுத் தவிக்குது. விடுதலை குடு!"

அவசரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே தச்சரிடம் போய்ச் சொன்னான். தச்சர் வெகுநேரம் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மா தவிக்குதுன்னா... சரி தம்பி, விட்டுடலாம்" என்றார். 

பேக்கரியில் அக்கா மாவு பிசைந்துகொண்டே இதைக் கேட்டாள். பிசைந்த வேகத்தில் மேசை ஆடியது.

"ஏன்டா, அந்த ஆளு என்ன பண்றாருன்னே எல்லாரும் வாயைப் பொளந்து பாக்கிறீங்களே, என்ன பண்ண விடமாட்டேங்குறாருன்னு பாத்தீங்களா?"

"என்ன விடலை?"

"அணைக்க விடலைடா! கீழ இருக்கறவன் ஒரு நிமிஷத்துல அணைங்கறான். மேல இருக்கறவர் அணைக்காதேங்கறாரு. நடுவுல போற்றி. போற்றியை எடுத்துட்டா மிச்சம் என்ன? சும்மா விட்டு வெச்சது மட்டும்தானே?" மாவைத் தூக்கி அடித்தாள். "நீ சின்னப் பையனா இருந்தப்ப நான் கேக் வெச்சா என்ன பண்ணுவே? வெந்துச்சா வெந்துச்சான்னு அடுப்புக் கதவைத் தொறந்து தொறந்து பாப்பே. எந்த கேக்காவது உப்பியிருக்கா? கடைசியில கதவைக் கயிறு போட்டுக் கட்டி வெச்சேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அவசரம் எச்சில் விழுங்கினான். "அப்ப இப்பவே வீட்டுல போட்டு விட்டுப் பாத்துடலாமா? எரிஞ்சிடுச்சுன்னா? கடைக்காரர் சொன்னாரே..."

"வீட்டுல வேணாம். வீட்டுல எழுந்திரிச்சா நீ என்ன சொல்லுவே? ஐயா ஞாயித்துக்கிழமையே மீட்டரை வெச்சுப் பாத்தாரு, அந்த அருள்தான்னு சொல்லுவே. தெருவே சொல்லும். அவர் முன்னாலயே பாக்கணும்."

"எழுந்திரிக்கலைன்னா?"

அக்கா பிசைவதை நிறுத்தினாள். அதுதான் அவளுக்கும் தெரியாது. "அப்ப நான் சொன்னது தப்பு. தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு. மாடிக்கூடம் பிதுங்கியது. முரட்டு ஆவிக்கு ஜலசமாதி என்று வாரம் முழுக்க விளம்பரம் ஆகியிருந்தது. தச்சர் டிஸ்க்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்றை மின்னடியாருக்கு முன்னால் வைத்தாள். தம்பியின் பெட்டியைக் கோடிச் சுவரோரம் மானிட்டரோடு வைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. சாமி முன்னாடி இருக்கற பெட்டி எங்க பேக்கரி பெட்டி. மூச்சு பேச்சே இல்லை. அதுக்கு சாமி முழுப் போற்றியும் சொல்லட்டும். அதோ, மூலையில இருக்கறது என் தம்பி பெட்டி. முரட்டு ஆவின்னு சாமியே சொன்ன பெட்டி. அதுக்கு யாரும் போற்றி சொல்ல வேணாம், தொட வேணாம். ஸ்விட்சைப் போட்டுட்டு சும்மா விடுவோம். அது எழுந்திரிக்கலைன்னா டிஸ்க்கை என் கையாலயே வாளியில போடுறேன்."

தச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அக்கா அவர் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். 

மின்னடியார் தயங்கினார். "இது சோதனை. ஆவிகளுக்குச் சோதனை பிடிக்காது" என்றார்.

"ஐயாவுக்கு எது பிடிக்காது? எந்தச் சோதனையா இருந்தாலும் ஜெயிப்பாரு!" என்று முன்வரிசை பக்தர் ஒருவர் கத்தினார். கூட்டம் கைதட்டியது. சிஷ்யர்களால் மாட்டிக்கொள்ளாத சாமியார் உலகத்தில் உண்டா?

அக்கா தம்பியின் பெட்டியை முடுக்கினாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. அடுத்து, மடியிலிருந்து கேக் பெட்டி கட்டுகிற நூலை எடுத்துத் தம்பியின் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினாள். கூட்டம் சிரித்தது.

"அக்கா, மானம் போகுது."

"கேக் அமுங்கிப் போறதைவிட மானம் போகட்டும். நில்லு."

இந்தப் பக்கம் மின்னடியார் பேக்கரி பெட்டியின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று கூடப் பார்க்காமல் மீட்டரை வைத்தார். பீப் என்றது.

"ஐயோ, ஐயோ! என்ன அழுகை! பழைய போர்டு உள்ள உக்காந்து கதறுது. எனக்குக் கேக்குது. நீங்களும் மூக்கை வெச்சுப் பாருங்க. ஏதோ தீயற வாசனை வரலை?"

வந்தது. கூட்டம் மோந்து பார்த்தது. இதமான ஒரு வாசனைதான். ஆனால் ஐயா தீய்கிற வாசனை என்றால் தீய்கிற வாசனைதான். "ஆமா ஆமா, ஆவி கருகுது" என்றார் வங்கி மேலாளர். அவர் வயிறு ஏனோ கடமுடா என்றது.

போற்றி தொடங்கியது. பயாஸே போற்றி, பஸ்ஸே போற்றி. மூலைப் பெட்டியில் ஃபேன் ஓடியது. திரை கறுப்பு. கடைக்காரன் சொன்ன ஒரு நிமிஷம் வந்தது, போனது. அவசரத்தின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. பின்னால் கட்டிய விரல்கள் ஸ்விட்சை அணைக்கத் துடித்தன. எரியுமா? எரிந்தால் அக்கா டிஸ்க்கை வாளியில் போடுவாள். சொன்னால் செய்துவிடுவாள். அந்த அம்மா "ம், எடு" என்று உட்கார்ந்த கோலம் அவன் கண் முன்னால் வந்தது.

மின்னடியாரின் கண்ணும் இப்போது போற்றியில் இல்லை. மூலையிலேயே இருந்தது. ரேமே போற்றியில் குரல் இடறியது. திடீரென்று நிறுத்தினார்.

"அந்தப் பெட்டி சூடேறுது! எரியப் போகுது! யாராவது அணைங்க!"

கூட்டம் கலைந்தது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒலிபெருக்கி கீழ்வரைக்கும் கேட்குமே, கடைக்காரன் ஓடிவந்துவிட்டான். "அணைங்க, எரிஞ்சிடும்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூலைக்குப் பாய்ந்தான்.

அங்கே அவசரம் நின்றான். கை கட்டப்பட்டிருந்தது. முதுகைச் சுவரில் ஒட்டி, பிளக்கைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டான்.  நகரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்காதவன் அன்றைக்கு நின்றான்.

"தள்ளுய்யா!"

"மாட்டேன். எரியட்டும். என் பெட்டி, எரிஞ்சா எனக்குத்தானே நஷ்டம்? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

மேடையிலிருந்து மின்னடியார் பொறுமை இழந்து கத்தினார். "என்ன மச்சான் பேசிக்கிட்டு நிக்கிறே? பிளக்கைப் புடுங்கு!"

'மச்சான்' கூடம் முழுக்க எதிரொலித்தது. ஒலிபெருக்கியின் முன்னால் நின்று கத்தியிருந்தார். சுவர்க் கண்ணாடிகளில் ஏழெட்டு மின்னடியார்களும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மச்சானா?" என்றார் டீச்சர்.

அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து 'பிப்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மீட்டர் சத்தம் இல்லை. கறுப்புத் திரை ஒரு தடவை சிமிட்டியது. போர்டு கம்பெனியின் சின்னம் பளிச்சென்று எழுந்து நின்றது. யாரும் அதற்குப் போற்றி சொல்லியிருக்கவில்லை.

அவசரம் குதித்தான். கை கட்டியிருந்ததால் பாதிதான் குதிக்க முடிந்தது. "அக்கா! வந்துருச்சு! அக்கா!"

சும்மா சொல்லக்கூடாது, மின்னடியார் கெட்டிக்காரர். நொடியில் சமாளித்தார். "பாத்தீங்களா என் சக்தியை! இங்க சொன்ன போற்றி அங்க போய் வேலை செஞ்சிருக்கு! அருள் பரவிடுச்சு!"

கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டவே தொடங்கிவிட்டார்கள். கைதட்டுவதற்கு மட்டும் நம் ஜனங்களுக்கு யோசனையே தேவையில்லை.

"அப்படியா சாமி?" என்றாள் அக்கா. "அவ்வளவு தூரம் பரவின அருள் மூக்குக்கு முன்னாடி இருக்கற பெட்டிக்கு ஏன் வரலை? உள்ள யாரோ கதறுறாங்கன்னு சொன்னீங்களே, பாவம், தொறந்து விடுவோம்." திருகைக் கழற்றி மூடியை எடுத்தாள்.

உள்ளே போர்டு இல்லை. ஃபேன் இல்லை. ஒரு கம்பி கூட இல்லை. நடுவில் ஒரு முழு ரொட்டி உட்கார்ந்திருந்தது. காலையில் சுட்டது. இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"இதுதாங்க கதறின ஆவி. தீயற வாசனைன்னீங்க, அது மட்டும் எனக்கு வருத்தம். என் கடையில எதுவும் தீஞ்சதில்லை."

முதலில் சிரித்தவர் தச்சர். பிறகு கூடமே சிரித்தது. வங்கி மேலாளர் மட்டும் கருகிய ஆவியை மோந்த மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா விடவில்லை. "இன்னொண்ணும் கேக்கறேன். கீழ போர்டு வாங்கினீங்களே, கடைக்காரர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"ஒரு நிமிஷம் பாருங்க..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"படம் வரலைன்னா உடனே அணைச்சிடுங்க..." என்றார் இன்னொருவர்.

"விட்டுட்டீங்கன்னா எரிஞ்சு போயிடும்!" என்று கூடமே சேர்ந்து முடித்தது. பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் ஒப்பித்திருக்க மாட்டார்கள். ஒப்பித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வக்கீல்கள் இருவரும் கடைக்காரனுக்கு ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றார்கள். கடைக்காரன் பொலபொலவென்று கொட்டிவிட்டான்.

"புது போர்டுங்க... ரேமும் புதுசு. முதல் தடவை ஸ்விட்ச் போட்டா அந்த போர்டு ரேமைப் பழகிக்கணும். அதுக்குச் சில நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் திரை கறுப்பாத்தான் இருக்கும். ஒரு தடவை பழகிடுச்சுன்னா அப்புறம் சட்டுனு வந்துடும். நடுவுல அணைச்சா மறுபடியும் முதல்லேர்ந்து... மாமாதான் அணைக்கச் சொல்லி அனுப்புன்னாரு!"

"நான் எங்கடா சொன்னேன்? உங்க அக்காதான் சொன்னா!" என்றார் மின்னடியார். குடும்பமே அருள் நிறைந்த குடும்பம்.

 இந்தக் கூச்சலுக்கு நடுவே டீச்சர் மெல்ல நடந்து வந்தார். புடவை நனைவதைக் கூடப் பார்க்காமல் நீல வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, உப்புத் தண்ணீருக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தன்னுடையதைக் கண்டுபிடித்ததும் முந்தானையால் துடைத்தார். அது துருப்பிடித்துக் கிடந்தது. "இருபது வருஷம் பிள்ளைங்களுக்கு ஏன், எதுக்குன்னு கேளுங்கன்னு பாடம் நடத்தினேனே" என்று சொல்லி அழுதார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அதற்கு மேல் மின்னடியாரின் வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இருக்க வாய்ப்பில்லை. கூட்டம் அவரையும் மச்சானையும் படியிறக்கிக் காவல் நிலையம் வரை ஊர்வலமாகவே கூட்டிக்கொண்டு போனது. போற்றி சொல்லிக்கொண்டேதான் போனார்கள். எந்தெந்த உறுப்புக்கு என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

தம்பியின் கட்டை அக்கா அவிழ்த்தாள். தச்சர் டிஸ்க்கை நீட்டினார். அவசரம் பெட்டியை அணைத்து, டிஸ்க்கை மாட்டி, மறுபடி போட்டான். இந்தத் தடவை சட்டென்று வந்தது. ஆவி ஒன்றும் வந்து தடுக்கவில்லை. அவன் தேடினான். திறந்தான்.

ஓர் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை ஒரு கை பார்த்துவிடுவது போல முறைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அவசரம் எடுத்த படம் அல்லவா.

"மன்னிச்சிடுங்கண்ணே. சிரிக்கச் சொல்றதுக்குள்ள எடுத்துட்டேன்" என்றான் அவசரம்.

தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை தம்பி. சிரிச்சிருந்தா எங்கம்மான்னு எனக்கே அடையாளம் தெரிஞ்சிருக்காது."

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நம் ஜனங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் காலை அக்கா பேக்கரிக் கதவைத் திறந்தாள். வெளியே வரிசை. அந்த வரிசை மருந்துக் கடை வரைக்கும் போயிற்று. ஆளுக்கொரு பெட்டி. முன்னால் போர்வை அம்மாள் நின்றாள்.

"என்னம்மா, ரொட்டியா?"

"ரொட்டிதாம்மா. நேத்து பெட்டிக்குள்ள வெச்சீங்களே, அந்த ரொட்டியில ஒரு துண்டு கிடைக்குமா? என் பெட்டிக்குள்ள வெக்கணும். அப்படியே நீங்களும் ஒரு தடவை தொட்டுக் குடுத்துட்டா..."

"பேக்கரியம்மாவுக்கு..." என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் எடுத்தார். "போற்றி!" என்று வரிசை முடித்தது. பேராசிரியர் குரல் தனியாகக் கேட்டது.

அக்கா ரொட்டி எடுக்கிற நீளக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அந்த போர்டு வெறும் தகடும் கம்பியும். அதுவே கண்ணைத் தொறக்கறதுக்கு முன்னாடி சில நிமிஷம் உள்ளுக்குள்ள யோசிச்சுப் பாக்குது. நீங்க பிறந்தப்பவே கண்ணைத் தொறந்துட்டீங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு மாட்டிக் குடுத்திருக்காங்களே, அதை என்னைக்காவது ஸ்விட்ச் போட்டுப் பாத்தீங்களா?"